பாதி விலைக்கு செல்போனா? பணத்தை நீட்டும் முன் '15 நம்பரை' பாருங்க!

திருட்டு சாமான் கைமாறுவதைத் தடுக்க வழி என்ன?

சென்னையில் ஓடுகிற பஸ்சிலும், மின்சார ரெயிலிலும், திருவிழாக் கூட்டத்திலும் செல்போன்கள் 'அபேஸ்' ஆகின்றன. பைக்கில் வரும் ஆசாமிகள், நடந்து போகிறவரின் கையில் இருந்தே பறித்துக்கொண்டு பறந்து விடுகிறார்கள்.

பறித்தவன் அந்தப் போனை வைத்துக் கொஞ்சிக்கொண்டா இருக்கப் போகிறான்? விற்றால்தான் அவனுக்குக் காசு.

விற்பதற்கு இப்போது கடை தேட வேண்டியது இல்லை. தரகரும் வேண்டியது இல்லை. நாலு போட்டோ எடுத்து இன்டர்நெட் விளம்பரத்தில் போட்டால் போதும். "அவசரம், பாதி விலை" என்று ஒரு வரி. கொஞ்ச நேரத்தில் ஆள் வந்து நிற்கிறார்.

அப்படி வந்து நிற்கிறவர் கெட்டவர் அல்ல. மாதச் சம்பளக்காரர், கல்லூரி மாணவர், மகளின் படிப்புக்குப் போன் தேடும் தாய் என்று, புதுப் போன் வாங்க வசதி இல்லாதவர்கள்தான். ஆனால் கடைசியில் போலீஸ் வந்து கதவைத் தட்டுவது அவர்கள் வீட்டில்தான்!

திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலை. திருட்டுப் பொருளுக்கு விலையே இல்லாமல் செய்வது வாங்குகிறவர் கையில் இருக்கிறது. அதற்கு 5 நிமிஷம் போதும். எப்படி?

அன்று மூர் மார்க்கெட்!

ஒரு காலத்தில் சென்னையில் பழைய சாமான் என்றால் சென்ட்ரல் ரெயில் நிலையம் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்தான். பழைய புத்தகம், இசைத்தட்டு, கடிகாரம் என்று கிடைக்காத பொருள் கிடையாது. "ராத்திரி வீட்டில் காணாமல் போனதை காலையில் மூர் மார்க்கெட்டில் போய் வாங்கிக்கலாம்" என்று கேலியாகச் சொல்வார்கள்.

1985-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. இப்போது அந்த இடத்தில் புறநகர் மின்சார ரெயில் நிலையம் இருக்கிறது.

கேலி எப்படியோ போகட்டும். அந்த மார்க்கெட்டில் ஒரு வசதி இருந்தது. விற்கிறவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். சாமானில் வில்லங்கம் என்றால் மறுநாள் போய் சட்டையைப் பிடிக்கலாம். மப்டி போலீசாரும் ஒரு சுற்று சுற்றி வரலாம்.

அடகுக்கடைக்கு 1943-ம் ஆண்டிலேயே சட்டம் வந்து விட்டது. லைசென்ஸ் வாங்க வேண்டும். கணக்குப் புத்தகம் எழுத வேண்டும். அடகு வைக்கிறவருக்கு ரசீது கொடுக்க வேண்டும். திருட்டு நகை எங்கே போனது என்று போலீசார் துப்புத் துலக்க இந்தக் கணக்குப் புத்தகம் உதவுகிறது.

இன்டர்நெட் விளம்பரத்தில் இது எதுவும் இல்லை. கடை இல்லை. கணக்கு இல்லை. விற்றவர் யார், எந்த ஊர் என்பதும் தெரியாது. விளம்பரத்தை அழித்து விட்டு, சிம் கார்டையும் மாற்றி விட்டால் ஆசாமி 'அம்பேல்'!

பேரம் நடப்பது எப்படி?

பேரம் பெரும்பாலும் இந்த மாதிரிதான் ஓடும்:

"பில் இருக்காப்பா?"

"பில்லு எங்கேயோ மிஸ் ஆயிடுச்சு சார்."

"பாக்ஸ்?"

"வீடு மாத்தும்போது போயிடுச்சு சார். போனைப் பாருங்க, ஒரு கீறல் கூட இல்ல."

"ஏம்பா இவ்வளவு சீப்பா தர்றே?"

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க சார். பணம் அவசரம். இன்னொருத்தர் வந்துக்கிட்டே இருக்காரு. உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

அந்தக் கடைசி வரிதான் தூண்டில் முள்! யோசிக்க நேரம் கொடுக்கக் கூடாது என்பதுதான் கில்லாடிகளின் கணக்கு.

சந்திக்கும் இடம் பஸ் ஸ்டாப்பாக இருக்கும். அல்லது மெட்ரோ ரெயில் நிலைய வாசலாக இருக்கும். வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஜி.பே. வேண்டாம், ரொக்கமாகக் கொடுங்கள் என்பார்கள். பாங்கியில் பெயர் பதிந்து விடும் அல்லவா?

பில் தொலைவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அதனால் பில் இல்லாத போன் எல்லாம் திருட்டுப் போன் என்று சொல்ல முடியாது. ஆனால் பில் இல்லை, பாக்ஸ் இல்லை, விலை பாதி, ரொக்கம்தான் வேண்டும், வீட்டு முகவரி தர முடியாது என்று ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்தால் நடையைக் கட்டுவதே நல்லது.

15 இலக்க ரகசியம்!

மனிதனுக்குக் கைரேகை மாதிரி, ஒவ்வொரு செல்போனுக்கும் ஒரு நம்பர் உண்டு. அதற்கு ஐ.எம்.இ.ஐ. நம்பர் என்று பெயர். மொத்தம் 15 இலக்கம். இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு நம்பர் இருக்கும். சிம் கார்டை மாற்றினாலும் இந்த நம்பர் மாறாது.

போனில் *#06# என்று அழுத்தினால் இந்த நம்பர் திரையில் வந்து நிற்கும். போன் வந்த அட்டைப் பெட்டியிலும் அச்சடித்து இருப்பார்கள். பில்லிலும் பெரும்பாலும் இருக்கும்.

பழைய போன் வாங்கப் போகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். விற்கிறவரை வைத்துக்கொண்டே *#06# அழுத்துங்கள். நம்பரைக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு உங்கள் போனில் இருந்து 'கே.ஒய்.எம்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஒரு இடம் விட்டு, அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 14422 என்ற நம்பருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள்.

அந்தப் போன் எந்த கம்பெனி, எந்த மாடல் என்று பதில் வரும். 'தடை செய்யப்பட்டது', 'போலி நம்பர்', 'ஏற்கனவே வேறு போனில் இருக்கிறது' என்கிற மாதிரி பதில் வந்தால் வாங்காதீர்கள். கையில் இருப்பது ஒரு மாடல், பதிலில் வருவது வேறு மாடல் என்றாலும் வில்லங்கம்தான். நம்பரைத் திருத்தி இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' வெப்சைட்டிலும், செயலியிலும் இதே சோதனையைச் செய்யலாம். 2023-ம் ஆண்டு மே மாதம் இந்த வெப்சைட் தொடங்கப்பட்டது.

ஐ.எம்.இ.ஐ. நம்பரைத் திருத்துவது சாதாரண குற்றம் அல்ல. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி 3 ஆண்டு வரை ஜெயில், 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து உண்டு.

இரண்டாவது சோதனை

எஸ்.எம்.எஸ். பதில் 'சரி' என்று வந்து விட்டது. உடனே பணத்தை நீட்டி விடலாமா? பொறுங்கள்!

காலையில் பறிகொடுத்தவர் இன்னும் போலீஸ் நிலையத்துக்கே போகாமல் இருக்கலாம். அப்போது தடைப் பட்டியலில் அந்த நம்பர் இருக்காது. அதனால்தான் இரண்டாவது சோதனை.

விற்கிறவரையே போனைத் திறக்கச் சொல்லுங்கள். அவருடைய கூகுள் கணக்கையோ, ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கையோ உங்கள் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்கள். பிறகு போனில் உள்ளதை எல்லாம் அழித்து, புதுப் போன் மாதிரி ஆரம்பத்தில் இருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

சொந்தக்காரர் என்றால் இதைச் செய்ய 10 நிமிஷம் கூட ஆகாது. திருட்டுப் போன் என்றால் அங்கேயே மாட்டிக்கொள்வார். ஏன் என்றால், பூட்டை உடைத்து அழித்த போனை மறுபடி 'ஆன்' செய்யும்போது, பழைய சொந்தக்காரரின் கணக்கையும் ரகசிய எண்ணையும் அது கேட்கும். ஐபோனில் 2013-ம் ஆண்டு முதலும், ஆண்ட்ராய்டு போன்களில் 2015-ம் ஆண்டு முதலும் இந்தப் பூட்டு வந்து விட்டது.

"எனக்கு பாஸ்வேர்டு மறந்து போச்சு, ரிச்சி ஸ்ட்ரீட்ல குடுத்தா எடுத்துக் குடுப்பாங்க" என்று சொன்னால் நம்பாதீர்கள். தன் போனுக்குத் தானே சாவி இல்லாதவர் எப்படி சொந்தக்காரர் ஆவார்?

இந்தப் பூட்டைத் திறக்க திருடர்கள் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். போனைப் பறிகொடுத்தவருக்கே எஸ்.எம்.எஸ். வரும். "உங்கள் போன் கிடைத்து விட்டது. இந்த லிங்க்கைத் தொட்டு பாஸ்வேர்டு போடுங்கள்" என்று இருக்கும். ஆசைப்பட்டுப் போட்டால் சாவியை நீங்களே திருடன் கையில் கொடுத்த கதைதான். உஷார்!

சட்டம் என்ன சொல்கிறது?

"நான் திருடவில்லையே, காசு கொடுத்துத்தானே வாங்கினேன்" என்று பலர் கேட்கிறார்கள்.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 317-வது பிரிவு, திருட்டுப் பொருளை வாங்குவது பற்றியது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தோ, அதைக் கெட்ட எண்ணத்தோடு வாங்கினாலும் வைத்திருந்தாலும் 3 ஆண்டு வரை ஜெயில். இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 411, 413-வது பிரிவுகளில் இதே தண்டனைதான் இருந்தது.

"நம்புவதற்குக் காரணம்" என்ற வார்த்தைகளைக் கவனியுங்கள். 30 ஆயிரம் ரூபாய் போனை, பில் இல்லாமல், முகம் தெரியாத ஆளிடம், ராத்திரி பஸ் ஸ்டாப்பில் 10 ஆயிரத்துக்கு வாங்கியவர் "எனக்குச் சந்தேகமே வரவில்லை" என்று சொன்னால், எளிதில் எடுபடுமா?

சரி, உண்மையிலேயே தெரியாமல் வாங்கி விட்டார், தப்பு அவர் மேல் இல்லை. ஜெயில் இல்லை. ஆனால் போன்? அது போய் விடும். 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கும் வராது. திருடனுக்கு அந்தப் போன் சொந்தம் இல்லை. அதனால் காசு கொடுத்தவருக்கும் சொந்தம் இல்லை. பறிகொடுத்தவருக்குத்தான் சொந்தம்.

கொடுத்த பணத்தை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். அவரைத் தேடுவது எங்கே? ஸ்டேஷனுக்கு நாலு நடை, ஒரு நாள் கூலி போச்சு, போனும் போச்சு, பணமும் போச்சு!

பறிகொடுத்தவர் உடனே செய்ய வேண்டியது

இன்று போன் என்பது பேசுவதற்கு மட்டும் இல்லை. உணவு சப்ளை செய்யும் வாலிபருக்கும், ஆட்டோ டிரைவருக்கும் அதுதான் பிழைப்பு. பாங்கிக் கணக்கும் அதில்தான். எனவே தாமதம் கூடாது.

முதலில் செல்போன் கம்பெனிக்குச் சொல்லி சிம் கார்டை முடக்குங்கள். பாங்கிக்கும் சொல்லுங்கள். அதற்குள் பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

அடுத்து போலீஸ் நிலையம். "இது எங்க லிமிட் இல்லை, அங்கே போங்க" என்று அலைய வேண்டியது இல்லை. இப்போது உள்ள சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு முறையில் அனுப்பினால் 3 நாளுக்குள் போய் கையெழுத்துப் போட வேண்டும்.

புகார் கொடுத்த ரசீதை வாங்கிக்கொண்டு, அதே நம்பருக்கு வேறு சிம் கார்டும் வாங்கிக் கொள்ளுங்கள். பிறகு 'சஞ்சார் சாத்தி'யில் ஐ.எம்.இ.ஐ. நம்பர், புகார் நகல், அடையாள அட்டை, பில் இருந்தால் பில் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். புது சிம்முக்கு வரும் ரகசிய எண்ணைப் போட்டால் வேலை முடிந்தது.

அதன்பின் அந்தப் போன் இந்தியாவில் எந்த கம்பெனி சிம்மைப் போட்டாலும் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் அந்தத் தகவல் போலீசாருக்குப் போகிறது. சென்னை போலீசார் அவ்வப்போது செல்போன்களை மீட்டு உரியவர்களைக் கூப்பிட்டுக் கொடுப்பதற்கு இந்த ஏற்பாடு பெரிய உதவி. போன் திரும்பக் கிடைத்ததும் அதே இடத்தில் தடையை நீக்கிக் கொள்ளலாம்.

அதாவது, பறிகொடுத்தவர் நம்பரைப் பதிவு செய்தால்தான் வாங்குகிறவரின் எஸ்.எம்.எஸ்.சுக்கு 'தடை' என்று பதில் வரும். "போனா போகட்டும், கிடைக்கவா போகுது" என்று சும்மா இருந்து விட்டால், திருடனுக்கு வேலை சுலபம்.

ஐ.எம்.இ.ஐ. நம்பரை இன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போனுக்குள்ளேயே எழுதி வைத்தால் போனோடு அதுவும் போய் விடும்!

விளம்பரத்தில் உங்கள் பொருள் வந்தால்...

காணாமல் போன உங்கள் பொருளே இன்டர்நெட் விளம்பரத்தில் பல்லைக் காட்டுவது உண்டு. கோபம் வரும். "நானே போய்ப் பிடிக்கிறேன்" என்று கிளம்பாதீர்கள். எதிரே வருகிற ஆள் தனி ஆளா, கூட்டமா, கத்தி வைத்திருக்கிறானா என்பது தெரியாது.

விற்கிறவருக்கு மெசேஜும் அனுப்பாதீர்கள். சந்தேகம் வந்தால் விளம்பரத்தை அழித்து விடுவான். சத்தம் போடாமல் விளம்பரத்தைப் படம் எடுத்து, அதன் முகவரியையும் குறித்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். விசாரணை அதிகாரி எழுத்து மூலம் கேட்டால், விளம்பர கம்பெனி தன்னிடம் உள்ள தகவலை 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2021-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன.

பைக் வாங்குகிறவர்களுக்கு

செல்போனை விட பைக்கில் பணம் அதிகம், ஆபத்தும் அதிகம்.

"ஆர்.சி. புக் பின்னால தர்றேன்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். வண்டி நம்பரை 'பரிவாகன்' வெப்சைட்டில் போட்டால் என்ன மாடல், எப்போது பதிவு, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா என்ற விவரங்களைப் பார்க்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். தேய்த்த தடம் இருந்தால் வேண்டவே வேண்டாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வெப்சைட்டில் அது திருட்டு வண்டியா என்று பார்க்கவும் வசதி உண்டு.

29, 30 என்ற இரண்டு படிவங்களிலும் கையெழுத்து வாங்கி உடனே பெயர் மாற்றுங்கள். விற்றவர், அதே மாநிலம் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் கெடு.

புதுப்பேட்டையிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் எத்தனையோ பேர். பில் போட்டுக் கொடுக்கிற கடையில் நூறு ரூபாய் கூடப் போனாலும் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

கம்பெனிகள் என்ன செய்கின்றன?

எல்லாப் பாரத்தையும் பொதுமக்கள் தலையிலேயே வைப்பது நியாயமா? விளம்பரம் போட்டுக் காசு பார்க்கும் கம்பெனிகளுக்குப் பொறுப்பு இல்லையா?

2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள், விற்பனையாளர் யார் என்பதைக் காட்ட வேண்டும் என்கின்றன. ஆனால் தொழிலாக இல்லாமல் சொந்தப் பொருளை விற்கும் தனி மனிதருக்கு அந்த விதிகள் பொருந்தாது. 'நான் என் பழைய போனை விற்கிறேன்' என்று திருடன் நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

2025-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு தொலைத்தொடர்பு சைபர் பாதுகாப்பு விதிகளைத் திருத்தியது. பழைய செல்போன் வாங்கி விற்கும் நிறுவனங்கள், ஐ.எம்.இ.ஐ. நம்பர் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விற்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு.

அமெரிக்காவில் 2023-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி முதல் ஒரு சட்டம் இருக்கிறது. இன்டர்நெட் சந்தையில் ஒரு ஆண்டில் 200 முறைக்கு மேல், 5 ஆயிரம் டாலருக்கு மேல் புதுச் சரக்கு விற்கிறவர்களின் பெயர், பாங்கிக் கணக்கு, வரி எண் ஆகியவற்றை அந்தச் சந்தை நடத்தும் கம்பெனியே சரிபார்க்க வேண்டும். கடைகளில் கூட்டமாகத் திருடி இன்டர்நெட்டில் கொட்டும் கும்பல்களை மடக்கவே இந்தச் சட்டம்.

இங்கே அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. செல்போன் விளம்பரம் போடுகிறவர் 15 இலக்க நம்பரைக் கொடுத்தால்தான் விளம்பரம் ஏறும் என்று வைத்தால் என்ன? நம்பரை எல்லோருக்கும் காட்ட வேண்டாம். கம்பெனி மட்டும் தடைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கட்டும். பட்டியல் அரசிடம் தயாராக இருக்கிறது. எஸ்.எம்.எஸ்.சில் சாதாரண மனிதர் செய்யும் சோதனையைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கம்பெனி செய்ய முடியாதா?

ஒரு துண்டுச் சீட்டு

அதுவரைக்கும் நம் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. வாங்கும்போது "இன்ன தேதியில், இன்ன ஐ.எம்.இ.ஐ. நம்பர் உள்ள போனை, இவ்வளவு ரூபாய்க்கு, இன்னாருக்கு விற்றேன்" என்று எழுதி, விற்றவரின் கையெழுத்தும், அடையாள அட்டை நகலும், செல் நம்பரும் வாங்கிக் கொள்ளுங்கள். பணத்தைப் பாங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள். விற்கிறவரும் இதே சீட்டில் ஒரு நகல் வைத்துக்கொண்டால், நாளைக்கு அந்தப் போனை வைத்து யாராவது தப்புத் தண்டா செய்தால் அவருக்கும் பாதுகாப்பு.

நேர்மையான ஆள் சீட்டு எழுத யோசிக்க மாட்டார். "அதெல்லாம் எதுக்கு சார்?" என்று எழுந்து போகிறவர் போகட்டும். அவர் கையில் இருக்கும் போன், எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ அழுதுகொண்டே தேடும் போனாக இருக்கலாம்.